சார்ஜரைக் கழற்றாமல்

எங்கள் தொழிலில் என்னை எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். திருட்டு அலாரம் மாட்டுகிறவன் என்பதால் வந்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும், அதனால் வந்த பெயர். அரைகுறை வேலை பார்க்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறவன், திருகாணியை முழுசாக முறுக்காதவன், இவர்களைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். சார்ஜரைக் கழற்றாமல் பேட்டரியை அளந்துவிட்டு "ஜம்முனு இருக்கு சார்" என்று சொல்கிறவனை மட்டும் விடமாட்டேன். மீட்டரில் அப்போது தெரிவது சார்ஜர் கொடுக்கிற மின்சாரம், பேட்டரியின் யோக்கியதை இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து நிறுத்திவைத்துவிட்டு, "நல்லாத்தானே நிக்கறாரு" என்று சொல்வது மாதிரி. இதற்காக நான் திட்டித் தீர்த்த ஆட்களைக் கூப்பிட்டால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக்கு அலாரம் மாட்டிக் கொடுத்ததும் நான்தான். கடைக்கு மேலே ஒரு சின்ன மாடி வீடு. அதில் மாப்பிள்ளையின் அண்ணி இருந்தார். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டைவிட்டுப் போகாமல், கடையில் சரக்கு வந்தால் பிரித்து அடுக்குவது, கூட்டம் இருந்தால் இறங்கி வந்து கவுன்டரில் நிற்பது என்று இருந்தவர். கவுன்டர் பெண்ணிலிருந்து நான்வரை எல்லாருக்கும் அவர் மாடி அண்ணிதான். மாடிப்படியிலிருந்து நேராக ஸ்டோர் ரூமுக்குள் போக ஓர் உள்கதவு உண்டு. அதன் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டு ஆள்தானே என்று அந்தக் கதவுக்கு நான் சென்சார் வைக்கவில்லை. உள்ளே ஆள் நடமாடினால் கண்டுபிடிக்கிற சென்சாரை மட்டும் ஸ்டோர் ரூம் மூலையில் வைத்திருந்தேன்.

திடீரென்று ஒரு மாதமாக அந்த அலாரம் விடியற்காலையில் அலற ஆரம்பித்தது. தினமும் இல்லை, அவ்வப்போது. பக்கத்துத் தெருவிலிருந்து மாப்பிள்ளை லுங்கியோடு ஓடிவந்து பார்ப்பாராம். ஒவ்வொரு தடவையும் உள்கதவுப் பக்கம் கையில் சாவியோடு மாடி அண்ணி நின்றுகொண்டிருப்பாராம். மாப்பிள்ளை வாயால் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

நான் போன அன்று கடையில் நல்ல கூட்டம். கவுன்டர் பெண், பில் போடுகிறவர், தூக்கம் கெட்டது என்று சண்டைக்கு வந்த பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், மருந்து வாங்க வந்த நாலைந்து பேர். எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று இடத்தில் வேலை. ஏணியில் ஏறினேன், அலாரத்தின் பேனலைத் திறந்தேன். எல்லாத் தடவையும் ஸ்டோர் ரூம் சென்சார்தான் என்று பேனல் காட்டியது. பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பதிமூன்றரை வோல்ட்.

"பேட்டரி ஜம்முனு இருக்கு மாப்ளே," என்றேன்.

சார்ஜரைக் கழற்றவில்லை. வேண்டுமென்று இல்லை. தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

"அப்போ எதனால மச்சான் அடிக்குது?" என்றார் மாப்பிள்ளை.

"எதனால அடிக்கும்? உள்ள ஆள் போனா அடிக்கும். அதுக்குத்தானே மாட்டியிருக்கு."

மாடி அண்ணி படிப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நான் உள்ள போகவே இல்ல. தண்ணி மோட்டார் போடத்தான் எழுந்தேன். சத்தம் கேட்டு, திருடன் யாராவது வந்துட்டானோன்னு சாவியை எடுத்துட்டு இறங்கி வந்தேன்," என்றார்.

அவர் எனக்கு விடையைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. யாராவது எதிர்த்துப் பேசினால் எனக்கு ஏறுகிற சூடு ஏறியது.

"மோட்டாருக்கும் இதுக்கும் என்னண்ணி சம்பந்தம்? மெஷின் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ எனக்கே தெரியாம உள்ள போயிட்டு வர்றேனா?" என்று கேட்டார். நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல் அது. எனக்கு அது அப்போது புரியவில்லை.

"தெரிஞ்சு போறீங்களோ, தூக்கத்துல நடந்து போறீங்களோ, அது எனக்கு எப்படித் தெரியும்? ஆள் போயிருக்கு. அவ்வளவுதான் மெஷின் சொல்லுது," என்று ஏணியில் நின்றபடியே சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரர் சிரித்தார். அவரைப் பார்த்து மருந்து வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக் அடித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அண்ணி சாவியைக் கவுன்டரில் வைத்தார். யாரும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு பெட்டியோடு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அலாரம் அடிக்கவே இல்லை. ஒரு நாள்கூட இல்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? "மச்சான் சொன்னா சொன்னதுதான்," என்று மாப்பிள்ளை எல்லாரிடமும் சொன்னார். என் தங்கச்சி போன் போட்டு, "நல்லவேளை நீ கண்டுபிடிச்சே. உள்ள போய் என்னத்தை எடுத்தாங்களோ யாரு கண்டா," என்றாள். அவளுக்கும் ஓரகத்திக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாடிக்கே குடிவரப் போவதாகத் தங்கச்சி சொன்னாள். மாடியில் ஒயரிங் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடை விடுமுறை நாளில் என்னை வரச் சொன்னாள். கீழே கடை பூட்டி அலாரம் போட்டிருந்தது. மேலே நாங்கள் இரண்டு பேர்தான். சமையலறைக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"தொட்டி காலி போல. அந்த மோட்டாரைப் போடுண்ணா," என்றாள்.

போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் தலைக்கு மேலே எரிந்த பல்பு ஒரு தரம் மங்கி எழுந்தது. மங்கின அதே நொடி, கீழே பூட்டிய கடைக்குள் அலாரம் அலறியது.

தங்கச்சி பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள யாரோ இருக்காங்கண்ணா!"

உள்ளே யாரும் இல்லை என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கீழே போய் அலாரத்தை அடக்கி, மறுபடி போட்டுவிட்டு மேலே வந்து மோட்டாரைத் தட்டினேன். பல்பு மங்கியது. அலாரம் அலறியது. இப்படியும் ஒரு நப்பாசை எனக்கு, இரண்டாவது தடவை அடிக்காமல் இருந்துவிடாதா என்று.

மறுபடி இறங்கிப் போய் பேனலைத் திறந்தேன். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். அதே பதிமூன்றரை. சார்ஜரைக் கழற்றினேன். எண் மளமளவென்று சரிந்து மூன்றில் வந்து நின்றது. பேட்டரியை வெளியே இழுத்தேன். இரண்டு பக்கமும் உப்பி, பெட்டிக்குள் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. செத்துப்போன பேட்டரி. மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் ஒரு நொடி குறையும்; அந்த ஒரு நொடியைத் தாங்கத்தான் பேட்டரியே வைப்பது. தாங்க ஆள் இல்லாததால் கடைசி மூலையில் இருந்த ஸ்டோர் ரூம் சென்சார் அந்த நொடியில் செத்துப் பிழைத்தது. செத்துப் பிழைத்தால் ஆள் வந்த மாதிரிதான் பேனலுக்குச் செய்தி போகும். பகலில் எத்தனை தடவை மோட்டார் போட்டாலும் கடை திறந்திருக்கும், அலாரம் போட்டிருக்காது, யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் மோட்டார் போட்டவர் ஒரே ஒருவர். அவர் போன பிறகு மோட்டார் போட ஆளே இல்லை. அலாரமும் அடிக்கவில்லை.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு இதே ஏணியில்தான் நின்று சிரித்தேன்.

தங்கச்சியிடம் சொன்னேன். "சரி, பேட்டரியை மாத்திட்டுப் போ. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல," என்றாள்.

"என்னடி பேசுற? ஒருத்தரைத் திருடின்னு சொல்லி அனுப்பியிருக்கோம்!"

"நாங்க சொல்லலையே. நீதானே சொன்னே," என்றாள். குத்திக்காட்டுகிற குரலில்கூட இல்லை, சும்மா நடந்ததைச் சொன்னாள். பிறகு கண் கலங்கினாள். "அவங்க அங்க சௌகரியமாத்தான் இருக்காங்களாம்ணா. நாங்க வீட்டைக் காலி பண்றதாச் சொல்லியாச்சு. இப்போ போய் இதைக் கிளறணுமா?"

கிளற வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது. பொய் சொல்வானேன்? வண்டியில் வைத்திருந்த புதுப் பேட்டரியை எடுத்து வந்து மாட்டும்போது, இதை யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கை தானாக வேகமாக ஓடியது. பழைய பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழியில் எங்காவது அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. அண்ணியின் தம்பி வீட்டு வாசலில்தான் போய் நின்றேன்.

அவர் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் மரியாதையாகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணிக்குக் கொடுத்திருந்தது சாமான் போட்டு வைக்கிற அறை. தையல் மிஷின், உடைந்த நாற்காலி, இதற்கு நடுவில் ஒரு கட்டில். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர், கட்டில் காலில் கட்டித் தொங்கிய ஒரு துணிப் பட்டையை அவசரமாகக் கையால் மறைத்தார்.

ஏனோ கேட்டுவிட்டேன். "அது என்னண்ணி?"

"ஒண்ணுமில்ல தம்பி." தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொன்னீங்களே, மெஷின் பொய் சொல்லாதுன்னு. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன், உள்ள போன ஞாபகமே இல்ல. தூக்கத்துலதான் போயிருக்கணும். இங்க சின்னப் பசங்க இருக்கற வீடு. எழுந்து எங்கயாவது போயிட்டா? அதான் படுக்கும்போது கையைக் கட்டிக்கறேன்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் மாதிரி ஒரு சிவந்த தடம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று கோர்வையாக எனக்கு நினைவில்லை. பையிலிருந்து அந்த உப்பிய பேட்டரியை எடுத்துத் தையல் மிஷின்மேல் வைத்தேன். மோட்டார், பல்பு, சார்ஜர், எல்லாவற்றையும் உளறினேன். நீங்கள் ஒரு நாளும் உள்ளே போகவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அழுதேன்.

அண்ணி என் அழுகையைப் பார்க்கவே இல்லை. பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ நான் எழுந்து போகலையா?"

"போகலண்ணி."

"இந்தத் தடவை நல்லாப் பாத்தீங்களா?"

செருப்பால் அடித்திருக்கலாம். "சார்ஜரைக் கழட்டிட்டுப் பாத்தேன்," என்றேன்.

அவர் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் காலிலிருந்த பட்டையை அவிழ்க்க நான் குனிந்தேன். "அதைத் தொடாதீங்க," என்றார். கோபம் இல்லை. "முதல்ல என் கொழுந்தனுக்குப் போன் போடுங்க. இங்கயே, என் முன்னாடி."

போட்டேன். "ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார். போட்டேன்.

"சொல்லுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. பின்னால் பேச்சுக்குரல்கள் கேட்டன. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

"மாப்ளே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அண்ணி உள்ள போகல," என்றேன்.

"என்ன மச்சான்? கேக்கலையே."

அறை வாசலில் அண்ணியின் தம்பி, தம்பி பெண்டாட்டி, குழந்தைகள் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். சைரனாம் சைரன், அடுத்த ஆளுக்குக் கேட்கிற அளவுக்குக்கூடக் குரல் வரவில்லை.

"கேக்கலைங்கறாரு பாருங்க தம்பி," என்றார் அண்ணி. "ஏணி மேல நின்னு சொன்னீங்களே, அந்தச் சத்தத்துல சொல்லுங்க."