சொர்ணாம்பாள் பாடின ஏசல்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடுவதற்குச் சொர்ணாம்பாளை விட்டால் ஆள் கிடையாது. ஏசல் என்றால் வசவு இல்லை. மேலே கேட்டால் புகழ்ச்சி, உள்ளே போனால் குத்தல். கேட்டவர் கோபப்பட்டால் கோபப்பட்டவர்தான் முட்டாள். அந்தச் சௌகரியம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெள்ளைக்கார ராஜாவின் முடிசூட்டுக்காகத் திருநெல்வேலி முழுக்க விளக்கு வைத்த வருஷம், மகள் கோமுவைத் தச்சநல்லூரில் கொடுத்தாள். பெண்ணைப் பெற்றவள் அன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாளா? "எங்க சம்பந்திக்குக் கை நீளம், கடைசி இலைவரைக்கும் எட்டும்" என்று எடுத்துவிட்டாள். பந்தல் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையின் தாய் ஞானம்பாளும் சிரித்தாள். வேறே என்ன செய்வாள், பாவம்!

பாட்டு பந்தலோடு போகவில்லை. தச்சநல்லூரில் யார் வீட்டுச் செம்பு காணாமல் போனாலும், "கை நீளமானவுக வீட்டுல கேளுங்க" என்று கேலி. அடுத்த வருஷம் கோமு முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். ஞானம்பாளோ, "இங்கனயே நடக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

சொர்ணாம்பாளின் மூத்த மகள் செத்தது மாமியார் வீட்டுப் பிரசவத்தில்தான்.

வளைகாப்பன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனாள். கூடம் நிறையப் பெண்கள். "மதினி, உங்க மனசு யாருக்கு வரும்?" என்று ஞானம்பாளைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். நிஜமாகத்தான் சொன்னாள். ஒருத்தி களுக்கென்றாள். "எந்த மனசைச் சொல்லுதாகளோ!" என்றாள் இன்னொருத்தி. "என் பிள்ளையைத் தங்கமா வச்சிருக்கிய" என்றாள் சொர்ணாம்பாள். அதற்கும் சிரிப்பு. கடவுளே, இதென்ன சோதனை! ஆயுசுக்கும் ஒரு பேச்சுக்கு இரண்டு வாசல் வைத்தே பழகிவிட்டாள். இப்போது ஊரே பின்வாசலில்தான் வந்து நிற்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூத்தவளை வாரிக் கொடுத்துட்டேன் மதினி. எனக்குப் பயமா இருக்கு. இவளை அனுப்புங்க."

அதற்கும் யாரோ ஒருத்தி சிரிக்க வாய் திறந்தாள். ஞானம்பாள் முறைத்த முறைப்பில் கூடம் அடங்கியது.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஞானம்பாள், பைய. "ஆனா பிறக்கப்போறது எங்க வீட்டுப் பிள்ளை. அதுக்குத் தாலாட்டு மட்டும் நீங்க பாடிராதீங்க."

சொர்ணாம்பாள் தலையை ஆட்டினாள்.

வண்டி ஆற்றுப்பாலம் தாண்டியதும் கோமு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை சும்மா வேடிக்கைக்குச் சொன்னாகம்மா. நீ பாடு."

"இல்லட்டீ," என்றாள் சொர்ணாம்பாள். "அவுக சொன்னது சொன்னதுதான்."