நாலு கண் நாய்

“பெஸ்ஸை ஒரு மணித்தியாலத்துக்குத் தாரும் தம்பி,” என்றாள் செல்வமலர்.

பக்கத்து வீட்டுக் கதவு பாதிதான் திறந்திருந்தது. செபமாலைமுத்து ஒரு கையில் கறுப்பு டையும் மற்றக் கையில் சப்பாத்துமாக நின்றார். அவள் வீட்டுச் செத்தவீட்டுக்கு வரத்தான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலத்துக்கு முன் நாலு வெள்ளைக்காரர் அவளுடைய புருசனின் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனதை யன்னலால் பார்த்திருந்தார்.

“நாயையோ அக்கா?”

“ஓம். நாயைத்தான்.”

மனுசிக்குத் துக்கத்தில் தலை கலங்கிவிட்டது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

“உள்ளுக்கு வந்து இருங்கோவன். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு…”

“எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. பதினொரு மணிக்குக் கார் வந்திடும். அதுக்கு முன்னம் நாய் அவரின்ர முகத்தைப் பாக்கவேணும். அது அவையின்ர முறை.”

“எங்கட ஊரில பிரேதத்துக்குக் கிட்ட நாய் வந்தாக் கல்லாலயெல்லே எறிவம்.”

“நான் மட்டும் என்ன, கோண்டாவிலில பிறக்காதவளே? இதைக் கேட்டு நானும் முதல் சிரிச்சனான். இப்ப மனுசன் கேட்டிட்டுப் போட்டுது. நான் என்ன செய்ய?”

செபமாலைமுத்து கத்தோலிக்கர். சிலுவை போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய நாயின் தோல்வாரை எடுத்து நீட்டினார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் செத்தவீட்டுக்காரி கேட்டதை இல்லையென்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

பெஸ் அந்த வீட்டோடு வந்த நாய். முன்பு அங்கே இருந்த இங்கிலீஷ் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது திரைச்சீலைகளையும் நாயையும் விட்டுவிட்டுப் போனாள். உடம்பெல்லாம் கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே பொட்டு வைத்த மாதிரி இரண்டு மண்ணிறப் புள்ளிகள். வேலிக்கு மேலால் அதை முதன்முதல் கண்ட அன்றைக்கே அவளுடைய புருசன் தின்ஷா உள்ளே வந்து, “மலரு, நாலு கண்ணு நாய் ஒண்ணு பக்கத்துலயே குடியிருக்குது. என் வேலை சுலபமாப் போச்சு,” என்று சிரித்தார். அவருடைய சமயத்தில் செத்தவர் முகத்தை நாய் பார்க்க வேண்டும், கண்ணுக்கு மேல் புள்ளி இருந்தால் அது நாலு கண் நாய், அது இன்னும் விசேஷம் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிய வந்தது. கல்யாணம் கட்டி முப்பது வருசத்துக்குப் பிறகு.

தின்ஷா ராயபுரத்துப் பார்சி, பழைய பாரசீக வம்சம். சென்னைக்குப் படிக்கப் போன பெண் அவரைக் கட்டிக்கொண்டாள் என்றதும் அவள் பிறந்த ஊரான கோண்டாவில் அவளைக் கைகழுவிவிட்டது. ராயபுரமும் விழுந்து விழுந்து வரவேற்கவில்லை. இரண்டு பேரும் லண்டனுக்கு வந்து, இல்ஃபோர்டில் ஒரு வீட்டை வாங்கி, பிள்ளை இல்லாமல், சண்டையும் சமாதானமுமாகக் காலத்தைக் கழித்தார்கள். அவருக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. போன செவ்வாய்க்கிழமை காலையில் சாப்பாட்டுக்குப் பாண் வாட்டிக்கொண்டிருந்தவர், “மலரு, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்,” என்று கதிரையில் இருந்தார். பிறகு எழும்பவில்லை.

நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் போன மாசமே சொல்லியிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், தின்ஷா இதைச் சொன்னார்: “பர்ஜோர் நாயை விட்டுடுவான். லண்டன்ல யாரு செய்யறாங்கம்பான். நீ விடாத. எங்கப்பா செத்தப்ப நாய் வந்து பாத்துச்சு. வந்த கூட்டத்துல அது ஒண்ணுதான் எங்கப்பாவை மட்டும் பாத்துச்சு. மத்தவங்கல்லாம் இனி நமக்கு என்னன்னு பாத்தாங்க.”

பர்ஜோர் அவருடைய தம்பி. லண்டன் சுரங்க ரயிலில் ஆபீஸ் வேலை. குருக்கள் பரம்பரை என்பதால் பன்னிரண்டு வயதிலேயே பம்பாயில் குருப் பட்டம் கட்டிவிட்டார்கள். இல்ஃபோர்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பார்சி வீடுகளில் நல்லது கெட்டது வந்தால், ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வெள்ளை அங்கியோடு போவான். அண்ணன் சொல்லியிருந்தபடியேதான் இன்று காலை அவனும் சொன்னான். “இங்க யாரும் செய்யறதில்ல அண்ணி. பத்து நிமிஷம் பிரார்த்தனை, அப்புறம் கிளம்பிடலாம்.” சமையலறை வாசலில் நின்று அவனோடு வாதாடியதிலேயே நேரம் போய்விட்டது. நடுவில் பெட்டி வந்தது. எங்கே வைக்கிறது என்று கேட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். மூடியைக் கழற்றியபோது வெள்ளைத் துணியும் மூக்கு நுனியும் தெரிந்ததோடு சரி, அதற்குள் பர்ஜோர் ஒருவழியாக, “சரி, கூட்டிட்டு வாங்க,” என்றுவிட்டான். மனம் மாறுவதற்குள் நாயைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவள் ஓடிவந்தாள். திரும்பிப் போய் அவரோடு ஆறுதலாக இருக்கலாம், முகத்தை ஆசை தீரப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள்.

பெஸ் தயங்காமல் கூட வந்தது.

வீட்டுக்குள் சந்தனக் கட்டைப் புகை நிரம்பியிருந்தது. முன்னறைச் சோபாவையெல்லாம் பர்ஜோர் சுவரோரமாகத் தள்ளியிருந்தான். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய கத்தரிக்காய்க் குழம்புக்காகவே வருகிற மைத்துனன் அவன். இந்தக் கோலத்தில் வேறு யாரோவாகத் தெரிந்தான். கையில் ஒரு இரும்பு ஆணி இருந்தது. பெட்டியைச் சுற்றிக் கார்ப்பெட்டில் அந்த ஆணியால் மூன்று கோடு கீறியிருந்தான். நீல மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோடு தெளிவாகத் தெரிந்தது.

அவள் உள்ளே காலை வைக்கப் போனாள்.

“அண்ணி,” என்றான். குரல் தடுமாறியது. “இனிமே நீங்க உள்ள வரக்கூடாது.”

“ஏன்?”

“நாய் வேணும்னு சொன்னீங்க. பழைய முறையில ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்துச் செய்ய எனக்கு பயமா இருக்குது. செஞ்சா முழுசாச் செய்யணும். முழுசாச் செஞ்சா, கோடு போட்டப்புறம் எங்க ஆளுங்க தவிர வேற யாரும் முகத்தைப் பாக்கக்கூடாது.”

“நான் வேற ஆளோ?”

பர்ஜோர் கையிலிருந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“முதலே சொல்லியிருக்கலாமெல்லே. ஒரு தரம் பாத்திட்டுப் போயிருப்பன்.”

“நீங்க போனப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அதுக்குள்ள கோடு போட்டுட்டேன்.”

“நாய் பாக்கலாம். நான் பாக்கக்கூடாது. முப்பத்தொரு வருசம் சமைச்சுப் போட்டன் பர்ஜோர். காய்ச்சல் வந்தா நெத்தியில கை வச்சது நான். அந்த நெத்திக்கு இப்ப நான் ஆகாதவளோ?”

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவன் மேல் வந்த ஆத்திரம்தான் முதலில். பிறகு பெட்டிக்குள் கிடந்தவர் மேலும் வந்தது. உன் ஆசைக்கு நாய் தேடிப் போனேன், அதற்குள் என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டாய் என்று மனசுக்குள் அவரைத் திட்டினாள். பர்ஜோரின் கண்கள் சிவந்திருந்தன. அவனுக்கும் அண்ணன்தானே. சண்டை போட இது நேரமில்லை என்று அவளுக்கே பட்டது.

“சரி. நீர் தொடங்கும்,” என்றுவிட்டு நாயோடு போய் மாடிப்படியில் இருந்தாள். அங்கிருந்து முன்னறைக் கதவின் விளிம்பும் புகையும் மட்டும் தெரிந்தன.

பர்ஜோர் ஓதத் தொடங்கினான்.

கோயிலில் ஓதுவார் பாடினால் செல்வமலருக்கு வரிக்கு வரி பொருள் விளங்கும், கண் கலங்கும். இதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு சொல் உயர்ந்தது, மூன்று சொல் இறங்கியது. ஓரிடத்தில் மூச்சை அடக்கி முணுமுணுத்தான், பிறகு திடீரென்று குரல் அறை முழுவதையும் நிறைத்தது. ஒருமுறை அவனிடம் இதற்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். “எனக்கே பாதிதான் தெரியும் அண்ணி. இதை வீட்ல பேசின கடைசி ஆளு செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு,” என்றிருந்தான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இன்று காலடியில் நாய் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருக்க, அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தின்ஷாவுக்கு இந்தப் பழங்கதை பேசாவிட்டால் சோறு இறங்காது. “எங்க ராஜாங்க சிந்து நதியிலேருந்து கிரேக்கக் கடல் வரைக்கும் ஆண்டாங்க மலரு. நான் இல்ஃபோர்ட்ல எண்ணெய்க் கையோட நிக்கிறேன்,” என்பார். அலெக்சாந்தர் வந்து அரண்மனையைக் கொளுத்தியதை, ஏதோ போன வாரம் டிப்போவில் நடந்த மாதிரிக் கோபத்தோடு சொல்வார். ரோம்ஃபோர்ட் ரோடு ரோமர் போட்ட பாதை என்று நூலகத்தில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அதையும் விடவில்லை. “ரோமாபுரிக்காரன் எங்காளுங்களோட எழுநூறு வருஷம் சண்டை போட்டான். அவன் போட்ட ரோட்டுல ஓடுற பஸ்ஸுக்குத்தான் நான் டயர் மாத்துறேன். தலையெழுத்தைப் பாத்தியா?”

ஒரு விடுமுறை நாளில் அவளை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பாரசீகக் கூடத்தில் பொன் வளையல்களும், தலை போன கல் வீரர்களும், எழுத்து வெட்டிய மண் உருளையும் இருந்தன. சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவற்றுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். அவளுக்குக் கால் வலித்தது. “எல்லாம் உடைஞ்செல்லோ கிடக்குது. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?” என்றாள். “ஒடைஞ்சதுதான் இங்க இருக்குது. ஒடையாதது எந்தம்பி வாயில இருக்குது,” என்றார் தின்ஷா. அவள் பேருந்துக்கு நேரமாகிறது என்று சொன்னாள்.

இப்போது படியில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரண்மனை எரிந்தபோது யாரோ ஒருவன் இதை வாயில் வைத்துக்கொண்டு தப்பி ஓடியிருக்கிறான். ராச்சியம் போன பிறகு யாரோ ஒருவன் இதோடு கப்பலேறிக் குஜராத்துக்கு வந்திருக்கிறான். அவன் பிள்ளைக்குச் சொல்லி, அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லி, எத்தனை பேர். அரசர்கள் அத்தனை பேரும் மண்ணாய்ப் போக, அந்தச் சத்தம் மட்டும் சுரங்க ரயில் ஆபீஸில் வேலை செய்கிற ஒருவனின் தொண்டையில் ஏறி, அவளுடைய முன்னறைக்கு, அவளுடைய மனுசனின் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர் முப்பது வருசமாகப் பகிடியாகச் சொன்னது அத்தனையும் உண்மை என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஓதி முடித்த பர்ஜோர் கதவருகே வந்து வாருக்குக் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். பெஸ் நகரவில்லை. அவன் இழுத்தான். நாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, வெள்ளை அங்கியையும் முகத்துணியையும் பார்த்துச் சன்னமாக முனகியது. இன்னொரு முறை இழுத்தான். அது திரும்பி வந்து செல்வமலரின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

வெளியே பெரிய கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பர்ஜோர் முகத்துணியைக் கீழே இறக்கினான். “எங்கூட வரமாட்டேங்குது. நீங்களே கூட்டிட்டு வாங்க அண்ணி.” பிறகு குரலைத் தணித்தான். “வந்து பாத்துக்கங்க. இது தப்புன்னா அந்தப் பாவம் எனக்கு வரட்டும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவள் எழுந்தாள். அந்த முகத்தை ஒரு தரம் பார்க்க அவளுக்கு உயிர் துடித்தது. கதவிலிருந்து ஆறு அடி இருக்கும், அவ்வளவுதான்.

“நீர் இப்ப ஓதினது எத்தினை வருசப் பழசு?”

“மூவாயிரம்பாங்க. கூடவும் இருக்கலாம்.”

“நடுவில ஒருக்காலும் விடுபடேல்லையோ?”

“விடல அண்ணி. யாராவது ஒருத்தன் சொல்லிக்கிட்டே வந்திருக்கான்.”

செல்வமலர் தோல்வாரை அவனிடமிருந்து வாங்கி, உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“அப்ப இஞ்ச வந்து என்னால விடுபட வேண்டாம். நான் குனிஞ்சுகொண்டு வாறன்.”

“அண்ணி…”

“நடவும் பர்ஜோர். கார் வந்திட்டுது.”

தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். அவள் போனதும் நாயும் போனது. கார்ப்பெட்டின் நீலமும் தன் கால்விரல்களும் தெரிந்தன, பிறகு வெளிக்கோடு வந்தது. அங்கே நின்றுவிட்டாள். பெஸ் நிற்கவில்லை. கோடுகளைத் தாண்டி முன்னால் போய், பெட்டி வைத்திருந்த மேசையின் காலை மோந்து பார்த்தது. அதன் கறுப்பு முதுகும் பின்னங்கால்களும் மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு அந்த முதுகு நிமிர்ந்தது, முன்னங்கால்கள் மேலே எழுந்தன. பெட்டியின் விளிம்பில் நகம் கீறுவது கேட்டது.

வார் விறைத்தது. நாய் இன்னும் கிட்டப் போக இழுத்தது. செல்வமலர் நிலத்தைப் பார்த்தபடியே, கையில் சுற்றியிருந்ததில் ஒரு சுற்றை அவிழ்த்து விட்டாள்.