தொங்கிக்கொண்டிருந்த வயர்

மாப்பிள்ளை வேலையென்று குனிந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதலாளியின் மகளைக் கட்டிய ஒரே தகுதியில் எங்களுக்கு மேலாளராக வந்து இறங்கியவர், வரவேற்பறையில் என் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு வயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு முதலாளி வீட்டிலிருந்து கூப்பிட்டுப் புது ஏற்பாட்டைச் சோதித்துப் பார்ப்பார். இனிமேல் போனை நான் எடுக்க வேண்டியதில்லையாம். ஒரு பதிவுக் குரல் எடுத்து, விற்பனைக்கு ஒன்றை அழுத்து, கணக்குக்கு இரண்டை அழுத்து என்று சொல்லுமாம். அது ஒழுங்காகப் பேசிவிட்டால் இந்த மேசை எதற்கு, நான் எதற்கு? என் கணினியைக் காலையிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவு அவசரம், மகராசனுக்கு.

"பாருங்க, எவ்வளவு அசிங்கமா தொங்குது," என்று ஒரு வயரைப் பிடித்தார். என் போனிலிருந்து கணினிக்குப் போன வயர் அது. கணினி இல்லாததால் நுனி சும்மா கிடந்தது. சுவரில் நெட்வொர்க் வயர் செருகும் துளை ஒன்று காலியாக இருந்தது. செருகிவிட்டார். எழுந்து, மலையைப் புரட்டியவர்போல் கையைத் தட்டிக்கொண்டார்.

போனின் இன்னொரு வயர் பக்கத்துத் துளையில் ஏற்கெனவே இருந்ததை அந்தப் படித்த கண் பார்க்கவில்லை. போன வருஷம் மேல்மாடியில் இதே கூத்து நடந்தது. ஒரே போனின் இரண்டு வயரும் சுவருக்குள் போனால், உள்ளே போன தகவலெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும் என்று நெட்வொர்க்காரர் அப்போது சொன்னார்.

முதலில் என் போன் அணைந்தது. பிறகு கணக்குப் பிரிவு, விற்பனை, மாப்பிள்ளையின் கண்ணாடி அறை.

இந்தப் போன்கள் எழுந்திருப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். வயர் வழியே மின்சாரம் வந்து விளக்குகள் மினுங்கும். அப்புறம், எனக்கொரு முகவரி கொடுங்கள் என்று நெட்வொர்க்கிடம் கேட்டு நிற்கும். கிடைத்ததும் சர்வரிடம் போய், நான் யார், என் எண் என்ன என்று கேட்கும். பதில் வந்த பிறகுதான் திரையில் பெயரே வரும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு இருக்கிற அடக்கம். மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இன்றைக்கு எல்லாப் போனும் முகவரி கேட்டது, காத்திருந்தது, அணைந்தது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

நெட்வொர்க்காரர் சர்வர் அறையிலிருந்து வேர்த்துப்போய் வந்தார். "உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். யாராவது வயர் எதையாவது மாத்துனீங்களா?"

"யாரும் எதையும் தொடல," என்றார் மாப்பிள்ளை.

பொய்கூட இல்லை. தான் ஒன்றைச் செய்தோம் என்பதே அந்த மண்டையில் ஏறவில்லை. நெட்வொர்க்காரர் மாடிக்கு ஓடியதும் என் பக்கம் திரும்பினார். "ரிசப்ஷன், நீங்கதான் எதையோ நோண்டியிருக்கீங்க. வேலை போகுதேன்னு வயித்தெரிச்சல். மாமா கேட்டா அப்படித்தான் சொல்வேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் போன்கள் எழுந்துவிடும், அந்தக் குரலும் பேசிவிடும், நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் பழி என் தலையில், அப்போதும் வீட்டுக்குத்தான். என் சம்பளத்தை நம்பி அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த அரைவேக்காட்டின் கையிலா என் பிழைப்பு என்று நினைத்தபோது வாயே கசந்தது.

கைப்பையில் என் மொபைல் அடித்தது. முதலாளி.

"என்னம்மா நடக்குது அங்க? அடிச்சுக்கிட்டே இருக்கேன். மெஷினும் எடுக்கல, நீயும் எடுக்கல!"

அந்தக் குரல் மாப்பிள்ளைக்கும் கேட்டுவிட்டது. முகம் வெளிறியது. "அக்கா," என்றார் மெதுவாக, "எதையாவது சொல்லிச் சமாளிங்கக்கா, ப்ளீஸ்." இத்தனை நாள் ரிசப்ஷனாக இருந்தவள் ஒரே நிமிஷத்தில் அக்கா ஆகிவிட்டேன். தூ!

"வணக்கம் சார்," என்றேன், தினமும் சொல்கிற அதே குரலில். "யாருக்குக் கொடுக்கணும்?"

"மாப்பிள்ளைகிட்டதான். குடு."

"லைன்ல இருங்க சார்."

மொபைலை நீட்டினேன். மாப்பிள்ளை அதை வாங்காமல், அது கடித்துவிடும்போல் பார்த்துக்கொண்டு நின்றார். "ஹலோ, ஹலோ" என்று அது கத்தியது. நான் ஒரு கையை நீட்டியபடியே செருப்பைக் கழற்றி, மேசைக்கடியில் காலால் துழாவினேன். கட்டைவிரலில் மாப்பிள்ளை செருகிய அந்த வயர் தட்டுப்பட்டது. விரலை அதில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் என் போன் விளக்குகளை மினுக்கி, மறுபடி முதலிலிருந்து முகவரி கேட்க ஆரம்பித்தது.