மூணாம் படி

...தாண்டாதாம், வெள்ளம் மூணாம் படியைத் தாண்டவே தாண்டாதாம் என்று பல்லைக் கடித்தாள் துளசி, பீடோர் பட்டணத்து அடுக்குமாடியின் நாலாவது மாடிச் சன்னலில் நின்றபடி, காலையிலிருந்து விடாத மழை, பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும், அங்கே பழைய தோட்டத்து வீட்டில் அண்ணன் சுகுமாரன் தனியாகத்தானே இருக்கிறான், படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பான், போன வருஷம் அவளும் புருஷனும் அவனோடு அங்கே இருந்தபோது குடித்தானே அதேபோல... பொம்பா தீயணைப்புக்காரர்கள் படகோடு வாசலுக்கே வந்து ஏறச்சொல்லிக் கத்தியபோது, "நாப்பது வருஷமா பாக்குறேன், மூணாம் படியத் தாண்டாதுலா, நீ போய்ச் சோத்த வடி" என்றானே பாவி, மேலே குன்றுக் காட்டை மழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபிறகு இறங்கி வரும் வெள்ளத்துக்கு இவன் படிக்கணக்கு தெரியுமா? படகு போனது, சோறு வெந்தது, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முழங்காலுக்குத் தண்ணீர், அவள் புருஷன் தர்மேந்திரன் முதலில் அவளைக் கூரையில் ஏற்றினான், அடுத்து இவனை, ஆமாம், இந்த மகராசனைத்தான், தான் ஏறுவதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது... கருமாதியன்று வந்து, "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றான், அவன் நாசமாய்ப் போக, ஒரு வருஷமாக அவனுடைய அந்த மூணாம் படி வார்த்தையை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறாள், என்றைக்காவது அவன் முகத்தில் துப்ப.

கைப்பேசி அடித்தது. அவன்தான்.

"துளசி, தண்ணி ரெண்டாம் படிக்கு வந்திருச்சு. பொம்பா படகு வாசல்ல நிக்குது. போகவா, இருக்கவா? நீ சொல்லும்மா."

என்னையா கேட்கிறாய், என்னையா... ஆனால் குரல் மட்டும் எண்ணெய் போட்டதுபோல வழுக்கி வந்தது. "நீங்கதானே சொல்வீங்க அண்ணே. மூணாம் படியத் தாண்டாதுலா."

"அப்பாடா... நானும் அதத்தான் நெனச்சேன். அவங்கள அனுப்பிடுறேன்."

வைத்துவிட்டான். தீர்ந்தது கணக்கு, செத்துத் தொலையட்டும், ஆனால் அந்த அப்பாடா... அதை எங்கே கேட்டிருக்கிறாள்? அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தர்மேந்திரன், "போலாமா துளசி?" என்று கேட்டானே, அண்ணன் வார்த்தையைக் கேட்டதும் அப்பாடா என்று அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தது யார், சோறு அடுப்புல இருக்கு, சாப்பிட்டுப் பாத்துக்கலாம் என்றது யார்? திரும்ப அழைத்தாள், மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுண்ணே... எடுத்துத் தொலைண்ணே...