எண்ணும்போது கூப்பிடக் கூடாது

கார் வாங்கும் முன்பே கார் ஷெட் கட்டிய புண்ணியவான் சுரேஷ்குமார். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்த வீட்டுக்குக் கார் வந்தபாடில்லை. ஷெட்டில் பழைய மெத்தையும் தேங்காய் மட்டையும்தான் குடியிருந்தன. அவற்றை ஒழித்துவிட்டு அவன் மனைவி விஜயராணி தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். இங்கே இடுப்பு உயரத்துக்கு மேஜை. இங்கே மோட்டாருக்குத் தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் மெஷின், வலது கை தாராளமாகச் சுழல இடம் விட்டு. வார்னிஷ் நெடி போக மேலே ஒரு ஃபேன். முன்னால் தெருவைப் பார்த்து ஷட்டர். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் அப்படியே இறக்கி வைக்கலாம், காற்று வரும், நாலு மனுஷ முகமும் தெரியும்.

யோசனை அவளுடையதுதான். மாமியார் மயிலம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு ஆனதும், "வேலைய விட்டுடு" என்றான் சுரேஷ்குமார். அரியமங்கலத்தில் பிச்சமுத்துவின் பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்ப்பது. அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில், "ஷெட்டுல பட்டறை போட்டுக் குடுங்க, வீட்டுலயே செய்யறேன்" என்றாள். வேலை தப்பித்துவிட்டது என்று அன்றைக்கு அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அரியமங்கலம் பட்டறையில் கடைசி நாளன்று, கூட வேலை பார்க்கும் பிரான்சி ஏதோ சொல்ல வந்து, பக்கத்திலேயே நின்றாள். விஜயராணி எண்ணிக்கொண்டிருந்தாள். கம்பிச் சுற்றை எண்ணுகிறவளை அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். மெஷினில் எண்ணிக்கை காட்டும் முள், பல்சக்கரம் தேய்ந்து பொய் சொல்லும்; வாய்க்கணக்குதான் நிஜம். கணக்கு பிசகினால் மோட்டார் மறுபடி எரியும். முதலாளி பிச்சமுத்துவே போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கை நிற்கிறவரை காத்திருப்பார். டீ சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்காரும். கை நின்றதும்தான் பிரான்சி வாயைத் திறந்தாள்.

"குடுத்து வச்சவடி நீ. ரெண்டு பஸ் மாறி நசுங்க வேணாம்."

விஜயராணி சிரித்தாள். சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு, இந்தப் பாலத்தில் மட்டும்தான் தன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்று தோன்றியது. நசுங்கினாலும் அது தன் நேரம்.

வீட்டில் கொத்தனார் கை கழுவிக்கொண்டிருந்தார். ஷெட்டின் முன்பக்கம் முழுக்கச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. சமையலறைச் சுவரை உடைத்து ஷெட்டுக்குப் புதிதாக ஒரு வாசல்.

"ஷட்டர் எங்கங்க?"

"கண்டவனெல்லாம் தெருவுல நின்னு எட்டிப் பாப்பான். மோட்டார நானே வண்டியில கொண்டாந்து தரேன். இங்கேருந்து குக்கர் விசில் கேக்கும், அம்மா கூப்புட்டா கேக்கும். நீ வெளிய காலே வைக்க வேணாம்."

முகமெல்லாம் பெருமையாகச் சொன்னான். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தன் கையாலேயே சாக்பீஸ் பிடித்துச் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. மேஜைக்கு அளவு போட்டாள், ஃபேனுக்கு இடம் விட்டாள். எண்ணும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்பதற்கு எங்கே கோடு போடுவது?

சுவர் காய்ந்ததும் சூடம் ஏற்றிக் கும்பிட்டு உட்கார்ந்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு சுற்றியது. முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு.

"ராணீ!"

போட்டது போட்டபடி ஓடினாள். மயிலம்மாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என்னங்க அத்தை, வலிக்குதா?"

"ஒண்ணுமில்லம்மா. இருக்கியான்னு பாத்தேன்."

திரும்பி வந்தபோது எண் தொலைந்திருந்தது. கம்பியைப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள். பாதியில் குக்கர் கத்தியது. அணைத்துவிட்டு வந்து மறுபடி பிரித்தாள். காலடியில் தாமிரக் கம்பி வளையம் வளையமாகக் கிடந்தது. புதுச் சுவருக்கு அந்தப்பக்கம் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ராணீ!"

இந்தத் தடவை அவள் எழுந்திருக்கவில்லை.

"இருக்கேன் அத்தை" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு கம்பியின் முனையைத் தேடி எடுத்து மெஷினில் மாட்டி, "ஒண்ணு" என்றாள்.