உள்பக்கத்துப் பொத்தான்

துரை உதைத்த உதையில் வாளி உருண்டோடி லாயத்துக் கதவில் முட்டி நின்றது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் பாதி தரையில், பாதி என் ரப்பர் பூட்ஸுக்குள். ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் என் முழங்கால் சில்லு போயிருக்கும். துரை என்பது குதிரை. நடையில் அப்படியொரு மிடுக்கு என்று என் வீட்டுக்காரர் வைத்த பெயர், இப்போது அதற்குப் பதினேழு வயசு. அவர் போய் நான்கு மாதமாகிறது. இந்தக் குதிரையேற்றப் பள்ளியில் அவர் பார்த்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன். லாயத்துக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறை அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அறையும் போகும்.

துரையின் முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், காசளவுக்கு வட்டமாக ஒரு புண். மேலே காய்ந்து உள்ளே சீழ் வைத்திருந்தது. பத்து நாள் இரண்டு வேளையும் கழுவி, சீழை அமுக்கி எடுத்து மருந்து வைக்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் மயக்க ஊசி போட்டால் வயசான இதயம் தாங்காதாம். பிறகு புண்ணையே உற்றுப் பார்த்தார்.

"இவ்ளோ வட்டமா இருக்கே. என்ன உறுத்துச்சு?"

"தெரியலைங்க" என்றேன்.

முதலாளியம்மா பக்கத்தில்தான் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கறார். குழந்தைகள் வருகிற இடத்தில் தொட்டதும் உதைக்கிற குதிரையை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டாக்டரைக் கை வைக்க விடாவிட்டால் சனிக்கிழமை வண்டி வந்துவிடும். அந்த வண்டியில் ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தெரியாது என்று சொன்னேனே, அது பச்சைப் பொய். என் வீட்டுக்காரர் போன பிறகு துரை சரியாகத் தின்னவில்லை, சேணத்தைப் பார்த்தாலே நகர்ந்து நகர்ந்து போனது. எனக்குப் பெரிய மேதை என்று நினைப்பு. அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்து, முன்பக்கம் இருந்த ஆறு பொத்தானையும் வெட்டிப்போட்டுவிட்டு, மடித்துச் சேணத்துக்கு அடியில் வைத்தேன். அவர் வாசனை பட்டால் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை. அடங்கவும் செய்தது. அன்றைக்கே தொட்டியைக் காலி பண்ணியது. ஆனால் என்றைக்காவது ஒன்று அறுந்தால் வேண்டியிருக்குமே என்று ஏழாவதாக ஒரு பொத்தானை உள்பக்க ஓரத்தில் நானே தைத்து வைத்திருந்தேன். அது மறந்தே போயிற்று. மூன்று வாரம் அந்தப் பொத்தான் அதன் முதுகைத் தின்றிருக்கிறது. டாக்டர் போனதும் தடவிப் பார்த்தேன், கையில் தட்டியது. ஸ்வெட்டரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சேணத்துக்கு அடியில் கண்ட துணியை வைத்தார் என்று முன்பு ஒருவரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியவர் முதலாளியம்மா.

நான் பண்ணிய பாவம் என்பதால் துரையிடம் பூனை மாதிரி போனேன். அடியெடுத்து வைக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது, மூச்சுவிடுவதுகூட மெதுவாக. முதல் நாள் தடுப்புப் பலகை உடைந்தது. இரண்டாம் நாள் உதை என் தொடையில் உரசிக்கொண்டு போனது. மூன்றாம் நாள்தான் இந்த வாளி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, நான் என்ன உனக்கு ஆகாதவளா? நீ உதைக்கறதுக்குன்னே நிக்கறேனா இங்க?"

கத்தின பிறகுதான் உறைத்தது, அன்று பொழுது விடிந்ததிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது. அப்போது சாயங்காலம். மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்பிட்டியாம்மா" என்பான், "சாப்பிட்டேன்" என்பேன், அதோடு சரி. துரையின் காது என் பக்கம் திரும்பியது. தூக்கிய கால் மெல்ல இறங்கியது.

என் வீட்டுக்காரருக்கு இங்கே பட்டப்பெயர் ரேடியோ. வாய் ஓயாது. குதிரைக்குப் பின்னால் போகும்போதும், வயிற்றுக்கு அடியில் குனியும்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். ஆள் எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரியும். நானோ சத்தமில்லாமல் போய்த் திடீரென்று புண்ணில் கை வைத்தேன். யார்தான் உதைக்க மாட்டார்கள்?

அன்றிலிருந்து பேச ஆரம்பித்தேன். துரையின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குழாய் ஒழுகுவது, மூட்டு வலி, மகன் வாங்கிய பெரிய டிவி என்று என்னென்னவோ சொன்னேன். இரண்டே நாளில் சரக்கு தீர்ந்துவிட்டது. முப்பது வருஷம் ரேடியோவோடு குடித்தனம் பண்ணியும் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அமுக்கும்போது பேச்சு அறுந்தால் துரையின் வால் விசுக்கென்று அடிக்கும். வேறு வழியில்லாமல் பொத்தான் கதையைச் சொன்னேன். அது நீளமான கதை, நடுவில் பேச்சைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பிறகு காலையும் மாலையும் அதே கதைதான். புண்ணில் சீழ் குறைந்துகொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வந்தார். முதலாளியம்மா கதவருகே கைகட்டி நின்றார். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயில் தொடங்கினேன். மூட்டு வலிக்கு வந்தேன். டாக்டரின் விரல் புண்ணின் ஓரத்தில் அழுந்தியபோது எனக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. டிவி, டிவி என்று இரண்டு தரம் சொன்னேன். துரையின் காது பின்னால் படிந்தது. பின்னங்கால் எழும்பியது. டாக்டர் துள்ளி விலகினார்.

"சரி, போதும்" என்றார் முதலாளியம்மா. போனைக் கையில் எடுத்தார்.

மிச்சமிருந்தது பொத்தான் கதை ஒன்றுதான், அதைச் சொன்னால் வேலை போகும். அந்த ஒற்றை அறை கண்முன் வந்தது, கட்டில், ஸ்டவ், அவருடைய செருப்பு. இதைவிட்டால் மகன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். துரையின் கழுத்தில் கையை வைத்தேன்.

"அந்த ஸ்வெட்டர உன் முதுகுல வெச்சது நான்தான்டா. ஆறு பொத்தான வெட்டினேன், ஏழாவது உள்பக்கம் இருந்துச்சு. அதத் தெச்சதும் நான்தான்."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. நான் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. துரையின் காது மெல்லத் திரும்பியது.

"நிறுத்தாதீங்க, பேசுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு டாக்டர் புண்ணில் கையை வைத்தார்.

பேசினேன். டாக்டர் கேட்டபோது பொய் சொன்னதைச் சொன்னேன். துரைக்கும் இதுவரை சொல்லாத ஒன்றும் வந்தது. கடைசி நாள் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைவலி. கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன் என்றேன். மூடிக்கொண்டார். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முப்பது வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் மருந்து வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. முதலாளியம்மா போனை இன்னும் கையிலேயே வைத்திருந்தார், யாரையும் கூப்பிடவில்லை. துரை ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நின்றது. அதன் இடது காது என் வாய்ப் பக்கமே இருந்தது. அன்று அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று அதனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.