பின்பக்கம் மாறிய அட்டை

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் அடையாள அட்டை அச்சடிப்பவளுக்கு அந்த இயந்திரத்தின் வயிறு முழுக்க அத்துப்படி. முதலில் முன்பக்கத்தில் முகமும் பெயரும் விழும். பிறகு உள்ளே ஒரு சக்கரம் அட்டையைக் குப்புறப் புரட்டும். பின்பக்கத்தில் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு போன் எண் விழும். நெருப்புக்குள் போனவன் மயங்கிக் கிடந்தால், அவனுக்காகப் பேசுவது அந்தப் பின்பக்கம்தான்.

சக்கரம் உடைந்துபோனதால், அன்று காலை எல்லா முன்பக்கங்களையும் அடித்துவிட்டு, அடுக்கைத் திருப்பி வைத்துப் பின்பக்கங்களை ஓட்டினாள். நடுவில் ஓர் அட்டை சிக்கியது. உருவி ஓரமாகப் போட்டாள். இயந்திரம் மறுபடி ஓடியது.

கடைசி அட்டை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவள் தம்பியுடையது. முன்பக்கத்தில் நிலைய முத்திரையை நிமிர்த்தி ஒட்டி நீட்டினாள்.

“என்னக்கா, போட்டோல திருட்டு முழி முழிக்கிறேன்?”

“மெஷின் இருக்கிறதைத்தான்டா அடிக்கும். கிளம்பு.”

சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினான். இயந்திரம் இன்னோர் அட்டை கேட்டு விளக்கை மினுக்கியது. இதற்கு வேறு வேலையில்லை என்று விட்டுவிட்டாள்.

மதியம் தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் மனைவி போன் செய்தாள்.

“அக்கா, இதென்ன கூத்து? ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குப் போன் பண்ணி, உங்க ஆளு மேல உத்தரம் விழுந்து தோள் கிழிஞ்சிருக்கு, மயக்கமா கிடக்கார்ங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் லீவுல இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கார்! பேரைக் கேட்டா உங்க தம்பி பேரைச் சொல்றாங்கக்கா.”

அவள் பார்வை ஓரமாகக் கிடந்த அட்டைக்குப் போனது. சிக்கிய அட்டையை அவள் உருவியது இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்குரிய பின்பக்கத்தை அடுத்த அட்டையில் அடித்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் முன்னால் இருந்தவரின் பின்பக்கம்; தம்பிக்கு ஓட்டுநருடையது. வெற்று அட்டை ஒன்றைச் சொருகினாள். மிஞ்சியிருந்த தம்பியின் பின்பக்கம் வந்து விழுந்தது: பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. கீழே அவளுடைய எண்.

மருத்துவமனைக்குப் போன் அடித்தாள். “பென்சிலின் போட்டுடாதீங்க! அந்த அட்டை தப்பு. நான்தான் அடிச்சேன், நான் அவன் அக்கா.”

“அக்காவா? இதுல வேற நம்பர் இருக்கேம்மா,” என்றாள் நர்ஸ். “லைன்லயே இருங்க, டாக்டர்கிட்ட சொல்றேன்.”

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். தள்ளியிருந்து குரல்கள்.

“யாரோ ஒரு அம்மா சார், கார்டு தப்புங்கறாங்க.”

“கார்டுல என்ன போட்டிருக்கு?”

“ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லைன்னு இருக்கு. முத்திரையெல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.”

“அப்புறமென்ன? ஊசியைப் போடுங்க.”

யார் பார்த்தாலும் சந்தேகமே வராதபடி அந்த முத்திரையை நிமிர்த்தி ஒட்டியவள் அவள்தான். “டாக்டர்! டாக்டர்!” என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஊசி வைத்த இரும்புத் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. தொண்டை கட்டும்வரை கத்தினாள். ரிசீவரை யாரும் எடுக்கவில்லை.